உனக்காக வாங்கிய ஃபிரிட்ஜ்

“உனக்காகத்தான்” என்று சொல்லிக்கொண்டு கணவர் எந்தப் பொருளைத் தூக்கி வந்தாலும் அதோடு எத்தனை வேலை வருமோ என்று மாஸ்டர் கணக்குப் போடுவாள். துணி துவைக்கிற மெஷின் அவளுக்காகத்தான் வந்தது. வந்த வாரத்திலிருந்து வீட்டில் ஒருவரும் ஒரு சட்டையை இரண்டாவது முறை போடவில்லை. நாலு பர்னர் ஸ்டவ்வும் அவளுக்காகத்தான் வந்தது. அதுவரை இரண்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்தவள் அன்று முதல் நான்கில் வேகத் தொடங்கினாள்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். வாரம் முழுக்க அடுத்தவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து, சுவர்களையும் நாய்களையும் சைக்கிள்காரர்களையும் காப்பாற்றுவது அவள் வேலை. படிக்க வருகிறவர்கள் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டதில் வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் கிண்டலாக. ஆனால் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் வண்டிச் சாவி அவர் கையில்தான்.

“வாரம் பூரா வண்டியிலயே கெடக்குற. லீவுலயாவது நிம்மதியா உக்காந்து வா. உனக்காகத்தான் சொல்றேன்” என்பார். அவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு எங்கே நிம்மதியாக உட்காருவது? வழி நெடுக, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவாள். ஊர் போய்ச் சேரும்போது கெண்டைக்கால் கல்லாகியிருக்கும்.

வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் லீவு விட்டதும், இரண்டு குடும்பங்கள் கூடாரங்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும். மாஸ்டர், கணவர், மூத்த மகள், இரட்டைப் பையன்கள் ஒரு வண்டி. இன்னொரு வண்டியில் கணவரின் அண்ணன், அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள். அண்ணனை மாஸ்டரின் பிள்ளைகள் பெரியப்பா என்று கூப்பிடப்போக, வீடே அவரைப் பெரியப்பா ஆக்கிவிட்டது. அவர் மனைவி மாஸ்டருக்கு ஓரகத்தி. அதிகம் பேசாதவள்.

இயற்கையோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று பெரியப்பா சொல்வார். இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஆண்கள் இயற்கையோடு இருந்தார்கள். மாஸ்டரும் ஓரகத்தியும் புகையோடு இருந்தார்கள். வீட்டில் அடுப்பு இடுப்பு உயரத்திலாவது இருக்கும். அங்கே குனிந்தே கறி நறுக்கி, குனிந்தே கிளறி, குழாயடி வரை பாத்திரம் சுமந்து கழுவி வந்தால், “டீ கிடைக்குமா?” என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். இந்தக் கண்றாவியை வீட்டிலேயே செய்துதொலைக்கலாமே என்று மாஸ்டருக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றும்.

ஆனால் இரண்டாம் நாள் என்று ஒன்று இருந்தது.

கறி, மீன், பால் எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியில் வரும். இரண்டாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் ஐஸ் இருந்த இடத்தில் தண்ணீர் தளும்பும். கறி முதல் நாளே தீர்ந்திருக்கும், இல்லையென்றால் இனி ஆகாது. ரொட்டியும் வாழைப்பழமும்தான் மிச்சம். ஆண்கள் முகம் தொங்கிப்போகும். மாஸ்டரும் தன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “என்ன பண்றது, ஐஸ் கரைஞ்சிடுச்சே” என்பாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கரையோரத்தில் தட்டையாகக் கிடக்கும் ஒரு பாறைக்குப் போய்விடுவாள்.

முழங்கால் வரை தண்ணீரில் விட்டபடி சாயங்காலம் வரை அங்கேயே இருப்பாள். யாருக்கும் எதையும் ஆக்கிப்போட வேண்டாம். யாருடைய பிரேக்கையும் மிதிக்க வேண்டாம். அந்த ஒரு பகல்தான் வருடம் முழுவதற்கும் அவளுடைய லீவு. யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரியும்.

சொல்லாமலே பிடுங்கப் பார்த்தார்கள். போன வருடம் பெரியப்பா பாறாங்கல் மாதிரி ஐஸ் கட்டிகளாகப் பார்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் ராத்திரிக்கும் கறி சுட வேண்டும் என்பது அவர் திட்டம். காலையில் பார்த்தால் பெட்டி மூடி ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஐஸ் இல்லை, கறி நாறிக்கொண்டிருந்தது.

“மூடியத் திறந்து போட்டது யாரு?” என்றார் கணவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் பார்க்கிறவர் அவர். எது உடைந்தாலும், முதலில் யார் தலையில் போடலாம் என்று பார்ப்பது அவருடைய பிழைப்பு.

“நான் இல்ல” என்றாள் மாஸ்டர்.

“வேற யாரு அந்தப் பெட்டிகிட்டப் போறா?”

அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஓரகத்தி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மாஸ்டர் திரும்பத் திரும்ப இல்லை என்றாள். சொல்லச் சொல்ல அது ஆமாம் மாதிரியே ஒலித்தது.

அத்தோடு விட்டார்களா? வருடம் முழுக்க அதே பேச்சு. அவள் குழாயை மூடினால், “நல்லா மூடிட்டியா மாஸ்டர்?” கேட்டைச் சாத்தினால், “பாத்தும்மா, திறந்து போட்டுடப் போற.” இரட்டையர்கள்கூட அப்பாவைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். செய்யாத தப்புக்கு ஒரு வருடம் சிரித்து மழுப்புவது எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வருடம் லீவு நெருங்கியதும் கணவர் அறிவித்தார்: “இனிமே ஐஸ் பெட்டியே வேணாம். வண்டியில வைக்கிற ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கிடலாம். மூடினோமா, திறந்தோமான்னு நீ டென்ஷன் ஆக வேணாம் பாரு. உனக்காகத்தான்.”

அன்று முதல் அவர் வாயில் வேறு பேச்சு இல்லை. சாப்பிடும்போது லிட்டர், படுக்கும்போது டிகிரி. மனைவி கையில் இருக்கும் சட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர், ஒரு ஃபிரிட்ஜின் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தார். டேப்பை எடுத்துப் போய் வண்டி டிக்கியின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் மூன்று தடவை அளந்தார். ஒரு கமா விடுபட்டிருந்தால் கிளைமைத் திருப்பி அனுப்புகிறவர் அல்லவா, அதே கறாரோடு அளந்தார்.

கடைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனார். “நீதானே யூஸ் பண்ணப்போற? நீயே பாத்துச் சொல்லு.”

சரி, கேட்கிறாரே என்று மாஸ்டர் ஒன்றைக் காட்டினாள். சின்னது. தண்ணீர் பாட்டிலும் பாலும் பழமும் வைக்கலாம். அதற்கு மேல் ஒரு கோழிக்கால்கூட நுழையாது.

“ஐயே, இது பொம்மை ஃபிரிட்ஜ்” என்று கணவர் சிரித்தார். “உனக்கு இது பத்தாதும்மா.”

“எனக்கு எதுக்குப் பத்தணும்? நான் என்ன அதுக்குள்ள குடியா போகப்போறேன்?”

விற்பனையாளர் நடுவில் புகுந்தார். “மேடம் காட்டுறது வெறும் கூலர் சார். வெளி வெயிலுக்குத் தகுந்த மாதிரிதான் குளுரும். இதப் பாருங்க, கம்ப்ரஸர் வச்சது, வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரியே. ரெண்டு அறை. ஒண்ணுல கறி கல்லு மாதிரி உறைஞ்சு நிக்கும், இன்னொண்ணுல ஜூஸ் சில்லுனு இருக்கும். மேடத்துக்குக் கவலையே இல்ல. எத்தனை நாள் தங்கினாலும் தினம் சமைக்கலாம்.”

தினம் சமைக்கலாம். அந்த ஆளின் டையைப் பிடித்து அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிடலாமா என்றிருந்தது மாஸ்டருக்கு. அந்தப் பாறையும் தண்ணீரும் அவள் கண் முன்னாலேயே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன. அதைச் சொல்லி அழவும் முடியாது. ஐஸ் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்ணைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வராது?

கணவர் அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். “வாங்கிடு, வாங்கிடு!” என்று பெரியப்பா கத்தினார். “நாலு நாள் தங்கிடலாம் இந்தத் தடவை! தினம் ஒரு கறி!” பக்கத்தில் இருந்த மனைவியிடம், “நீ என்ன சொல்ற?” என்று கேட்பதும் கேட்டது.

“எதையோ வாங்குங்க” என்றது ஓரகத்தியின் குரல்.

அவங்களுக்கென்ன, வாயைத் திறந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குறைந்தா போய்விடுவார்கள் என்று மாஸ்டருக்கு அவள் மேலும் சேர்த்துக் கோபம் வந்தது.

“இன்னொரு விஷயம் சார்” என்று விற்பனையாளர் மூடியைத் திறந்து அப்படியே விட்டார். கொஞ்ச நேரத்தில் அது பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. “மூடாம விட்டா ஊரைக் கூட்டிடும். யாரும் மறந்து திறந்து போட முடியாது.”

கணவர் மெதுவாகத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். “கேட்டியா மாஸ்டர்? உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

முன்பின் தெரியாத ஒருவன் எதிரில் சொன்னார். அவனும் சிரித்தான். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்போதுதான் அதன் ஒயர் கண்ணில் பட்டது. முழம் இரண்டு முழம் இருக்கும், அவ்வளவுதான். அவர்கள் வண்டியில் சொருகுகிற இடம் ஒன்றே ஒன்று, முன்னால் கியருக்குப் பக்கத்தில். டிக்கியை மூன்று தடவை அளந்த மனுஷன் பிளக்கை எங்கே சொருகுவது என்று யோசிக்கவில்லை. வண்டியோடு பிழைக்கிறவளுக்கு அது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. கிளம்புகிற அன்று முழித்துக்கொண்டு நிற்கட்டும், ஃபிரிட்ஜ் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று விட்டாள். ஆபத்து வருகிறது என்று தெரிந்தும் பிரேக்கை மிதிக்காமல் இருந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிளம்புகிற காலையில் அவள் நினைத்தது பாதி நடந்தது. கணவரும் பெரியப்பாவும் சேர்ந்து ஃபிரிட்ஜை டிக்கியில் இறக்கினார்கள். அளவு அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. கணவர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். பிறகு முகத்தில் ஈயாடவில்லை.

“நீள ஒயர் இருக்கா?” என்றார் பெரியப்பா.

“இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?”

உள்ளே உறைந்த கறி இருந்தது. மூன்று நாளாக மாஸ்டர் நறுக்கி, மசாலா தடவி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்த கறி. பிள்ளைகள் வண்டியில் ஏறி ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். பின் சீட்டில் மூன்று பேரும் மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு இருவருமாக ஃபிரிட்ஜைத் தூக்கிக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தார்கள். மாஸ்டர் உட்காரும் சீட்டில். ஒயர் சரியாக எட்டியது.

ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று கணவர் வெளியே நின்றபடி கையை நீட்டிச் சாவியைத் திருப்பியதும், சீட்டில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி டிங் டிங் என்றது. இரட்டையரில் ஒருவன் எட்டி ஃபிரிட்ஜுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டான். பின் சீட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

“மாஸ்டர், நீ அண்ணன் வண்டியில ஏறிக்கோ” என்றார் கணவர், ஒன்றும் நடக்காதது போல. “பின்னால மடக்கு சீட்டு இருக்குல்ல? கரி மூட்டையக் கொஞ்சம் தள்ளி வச்சா நீ தாராளமா உக்காரலாம்.”

மாஸ்டர் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்காக வாங்கிய ஃபிரிட்ஜ் அவள் சீட்டில், அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் கரி மூட்டைக்குப் பக்கத்தில். உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

சாவி வண்டியிலேயே இருந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள்.

“என்ன பண்ற?”

“ஏங்க, நீங்க உங்க அண்ணன் வண்டியில ஏறிக்கோங்க. கரி மூட்டையத் தள்ளி வச்சா தாராளமா உக்காரலாம்.”

“விளையாடாத. எறங்கு. நீ எதுக்கு ஓட்டணும்?”

“உங்களுக்காகத்தான்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

பின் சீட்டில் சிரிப்பு நின்றிருந்தது. தெருமுனை திரும்பும்போது மூத்த மகள் மட்டும், “அம்மா, அப்பா நெஜமாவே பெரியப்பா வண்டியில ஏறுறாரும்மா” என்றாள். வழி நெடுக மாஸ்டர் சீராக ஓட்டினாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது கையில் தெரியவில்லை.

ஏரிக்கரையில் கூடாரத்துக்கு ஒரு கரண்ட் கம்பம் உண்டு. ஃபிரிட்ஜுக்கு அங்கே இடம் கிடைத்தது. கணவர் சட்டையில் கரித் திட்டுகளோடு இறங்கி வந்து, அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. முதல் நாள் சமையல் வழக்கம் போல நடந்தது. இரண்டாம் நாள் காலையில் அவர் சமாதானமாகி, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். எல்லாம் கல்லாக இருந்தது. பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா மாஸ்டர், சொட்டுத் தண்ணி இல்ல. ஆரம்பிச்சிடலாமா?”

மாஸ்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். “என்ன பண்றது, ஐஸ் கரைஞ்சிடுச்சே.”

“எந்த ஐஸு? ஃபிரிட்ஜும்மா இது!”

“எனக்குக் கரைஞ்சிடுச்சு.”

யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். பாறை அதே இடத்தில் இருந்தது. காலைத் தண்ணீரில் விட்டாள். ஆனாலும் ஆறவில்லை, காது மடல் வரை சூடாக இருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதும் கணவர்தான் என்று நினைத்து, கேட்பதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு திரும்பினாள். ஓரகத்தி நின்றாள்.

“நீ பாட்டுக்கு வந்து உக்காந்துட்ட” என்றாள் ஓரகத்தி. அவள் குரலிலும் கோபம் இருந்தது. “அங்க எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் மட்டும் தனியா வேகணுமா?”

“என் மூஞ்சிய ஒரு வருஷமாப் பாத்தாங்கக்கா. நீங்க ஒரு நாள் தாங்க மாட்டீங்களா?”

ஓரகத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மூடியத் திறந்து வச்சது நான்தான்” என்றாள்.

மாஸ்டருக்குக் காதில் விழுந்தது, புத்திக்கு எட்டவில்லை. “என்னது?”

“போன வருஷம் அவரு கட்டி கட்டியாப் போட்டுட்டு வந்தாரு. ரெண்டாம் நாளும் கரையிற மாதிரி தெரியல. எல்லாரும் தூங்கினப்புறம் எழுந்து போய்த் திறந்து விட்டேன். ரெண்டாம் நாளுதான் எனக்கு லீவு. நீ இந்தப் பக்கம் வந்துடுவ. நான் கூடாரத்துக்குள்ள போயி, குப்புறப் படுத்து, சாயங்காலம் வரைக்கும் தூங்குவேன். நீ பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை. அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“என் தலையில விழுந்தப்ப சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருஷம்க்கா! குழாய மூடினா சிரிக்கிறாங்க. கடைக்காரன் சிரிக்கிறான். என் புள்ளைங்க சிரிக்குதுங்க.” மாஸ்டர் முழுவதுமாக அவள் பக்கம் திரும்பினாள். “ஏன் சொல்லல?”

“சொன்னா எதுக்குத் திறந்தேன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அந்த ஒரு நாளையும் பிடுங்கிடுவாங்க.”

மாஸ்டர் திட்ட வாயெடுத்தாள். ஆனால் இத்தனை வருடம் அவள் மனசுக்குள் வைத்திருந்த அதே வார்த்தையை எதிராளி சொல்லிவிட்டால் எதை வைத்துத் திட்டுவது? கோபம் போகவில்லை. அது ஓரகத்தியைத் தாண்டி, மேட்டில் நாற்காலி போட்டிருந்த பக்கமாகத் திரும்பியது.

அங்கிருந்து பீப் பீப் என்று சத்தம் வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு கறிப் பொட்டலத்தோடு கணவர் நின்றார். பக்கத்தில் பெரியப்பா குனிந்து உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர்! இது கத்துது! என்ன பண்றது?”

பழக்க தோஷம், அவளுடைய வலது கால் தண்ணீருக்குள் பாறையை ஒரு தடவை அழுத்தியது. ஓரகத்தி பாதி எழுந்துவிட்டாள். மாஸ்டர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“உக்காருங்கக்கா. அது கத்தட்டும்.”